கிள்ளிய கொழுந்து

“யாருக்காக வளத்தேன்னு மட்டும் கேக்காதீங்க மேடம். வேற எது வேணும்னாலும் கேளுங்க.”

காத்தமுத்து கைகட்டி நின்றார். தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டின் பின்பக்கம், பீன்ஸ் கொடிக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவே, இடுப்பளவு உயரத்தில் ஒரே ஒரு கஞ்சாச் செடி. யாரோ போன் போட்டுச் சொன்ன தகவல். யாரோ என்றால் பக்கத்து வீடாகத்தான் இருக்கும். எப்போதும் அப்படித்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் ராஜப்ரியாவுக்குச் செடியைப் பார்த்ததுமே அலுப்பாக இருந்தது. இந்த வாரத்தில் இது மூன்றாவது கஞ்சா கேஸ். முதல் இரண்டும் காலேஜ் பையன்கள். அதில் ஒருவனின் அம்மா ஸ்டேஷன் வாசலிலேயே மயங்கி விழுந்தாள். அவளுக்குச் சோடா வாங்கிக் கொடுத்ததும் ராஜப்ரியாதான்.

“உங்க வயசு என்னங்க?”

“அறுபத்தெட்டு.”

“செடி வளத்தா பத்து வருஷம் வரைக்கும் உள்ள இருக்கணும். தெரியுமா?”

“தெரியுங்க. என் சம்சாரத்துக்குப் புத்துநோய். வலி தாங்காம சுவத்துல போய் முட்டிக்குவா. அப்ப வெச்சதுங்க.”

“அவங்க எங்க?”

“போய்ச் சேந்து எட்டு மாசமாச்சுங்க.”

“அப்புறம் எதுக்கு இன்னும் தண்ணி ஊத்தறீங்க?”

காத்தமுத்து தரையைப் பார்த்தார். போலீஸ் வந்ததிலிருந்தே அவர் ராஜப்ரியாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“இன்னொரு மனுசனுக்கு அதே வலிங்க. பத்துப் பைசா வாங்கினதில்ல. சத்தியமா.”

ஏட்டு சின்னராஜ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

“டிவியில நேத்துக்கூட இதத்தான் பேசுனாங்க மேடம். மருந்துக்காவது விடணும்னு ஒரு டாக்டர் கத்தறாரு. விட்டா நாடே கெட்டுரும்னு இன்னொருத்தர் கத்தறாரு. எனக்கென்னமோ ரெண்டு பேரு சொல்றதும் சரின்னுதான் படுது.”

“மருந்துக்குன்னு கதவத் தெறந்தா, நாளைக்கு அந்தக் காலேஜ் பசங்க அத்தன பேரும் நோயாளின்னு சீட்டு எடுத்துட்டு வருவாங்க ஏட்டய்யா. வலிக்கு ஆஸ்பத்திரியில மாத்திரை இருக்கு. எங்கப்பாவுக்கும் இதே நோய்தான? நான் என்ன செடியா வளக்கறேன்?”

சின்னராஜ் குரலைத் தணித்தார். “அப்பா இப்ப எப்படிங்க மேடம்?”

“ஒரு மாசமாத்தான் கத்தாமத் தூங்கறாரு. கோயமுத்தூர் டாக்டர் மாத்திரைய மாத்திக் குடுத்தாரு. அம்மாகிட்டக் கேட்டா மாரியம்மன் கோயில் வேப்பிலைத் தீர்த்தம்னு சொல்லுது. வெள்ளிக்கிழமை தவறாமப் போய் ஒரு பாட்டில்ல வாங்கிட்டு வருது. எதுவோ ஒண்ணு. தூங்கறாரே, அது போதும்.”

சொல்லும்போதே அவளுக்குக் கொட்டாவி வந்தது. ஒரு வருஷமாக விட்ட தூக்கத்தை ஒரு மாதத்தில் பிடித்துவிட முடியுமா என்ன?

செடியைப் பிடுங்கக் குனிந்த சின்னராஜ் சிரித்துவிட்டார்.

“ஏனுங்க மேடம், இந்தக் கூத்தப் பாருங்க. கஞ்சா எடுக்கறவன் பூவுக்குக் காத்திருப்பான். இங்க பூக்கவே விடல. ரெண்டு இலை ஒரு கொழுந்து, ரெண்டு இலை ஒரு கொழுந்துன்னு, தேயிலை கிள்ளற மாதிரியே கிள்ளி வெச்சிருக்காங்க!”

ராஜப்ரியா குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு நுனியும் நகத்தால் ஒரே சீராகக் கிள்ளப்பட்டிருந்தது. வருஷக்கணக்காகக் கொழுந்து எடுத்த பெண்ணின் கை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ராஜப்ரியாவுக்கு அது தெரியாதா?

“கிள்ளுனது யாரு?”

“நான்தாங்க.”

“கையக் காட்டுங்க.”

காட்டினார். வலது கையில் கட்டைவிரல் இல்லை. என்றோ ஃபேக்டரி மெஷினில் போனது. இடது கை நிற்காமல் நடுங்கியது.

“பொய் சொல்லாதீங்க. அந்தப் பொம்பளையும் ஸ்டேஷனுக்கு வரணும். பேரச் சொல்லுங்க.”

“வேண்டாங்க மேடம்.” அவர் கையெடுத்துக் கும்பிட்டார். “என்னையக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு யாரு இருக்கா? அந்தம்மாவ உள்ள வெச்சுட்டா, அந்த மனுசனத் திருப்பிப் படுக்க வெக்கக்கூட ஆளில்லைங்க.”

“பிள்ளைங்க இல்லையா?”

“ஒரு புள்ளை இருக்கு. பாவம், அது வேலைக்குப் போயிருது.”

ராஜப்ரியாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் மனசு கேட்கிறதா என்று எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் கிடையாது. சின்னராஜைப் பார்த்துத் தலையசைத்தாள். செடி வேரோடு வந்தது. அதைச் சாக்கில் போட்டு ஜீப்பில் வைத்தார்கள். யாரும் சொல்லாமலே காத்தமுத்து வீட்டைப் பூட்டிவிட்டு வந்து ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

முன்சீட்டில் உட்காரும்போது ராஜப்ரியாவின் போன் அடித்தது. அம்மா. அம்மாவின் குரலுக்கு முன்னால் அப்பாவின் அலறல்தான் கேட்டது. அது ஜீப் முழுக்கக் கேட்டது.

“ராஜி, காலையிலிருந்து அப்பா துடிக்கறாரு. தீர்த்தம் நேத்தே தீந்துபோச்சு. நீ அரை மணி நேரம் ஊட்டுக்கு வர முடியுமா கண்ணு? நான் ஓடிப்போய் வாங்கிட்டு வந்தர்றேன்.”

“வர்றேம்மா. நீ கோயிலுக்குக் கிளம்பு. அப்பாவ நான் பாத்துக்கறேன்.”

பின்சீட்டில் காத்தமுத்து சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“அந்தம்மாவ இன்னைக்கு இங்க வர வேண்டாம்னு சொல்லிருங்க மேடம்.”