எருமையாரின் வெற்றி மாலை

காட்டுக் கல்லூரியின் கபடி அணியில் துடியன் என்ற கிடாக்குட்டியைச் சம்பளத்துக்குச் சேர்த்திருந்தார்கள். சம்பளம், தினம் ஓர் உருண்டை புண்ணாக்கு. போன ஆட்டத்தை அவன்தான் ஜெயித்துக் கொடுத்தான். "நாம ஜெயிச்சுட்டோம்!" என்று குளத்து எருமையார் தன் கொம்பில் மாலை போட்டுக்கொண்டு காட்டையே சுற்றி வந்தார்.

இந்த ஆட்டத்தில் பாவம், "கபடி கபடி" என்று எதிரணிக்குள் பாடிப் போன துடியன், பழக்கதோஷத்தில் நடுவிலேயே அசைபோட்டுவிட்டான். பாட்டு நின்றது. அமுக்கிவிட்டார்கள். ஆட்டமும் போச்சு.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்க வந்தவனை, கரையிலிருந்த அத்தனை பேரும் கேட்க எருமையார் பிடித்துக்கொண்டார்.

"தண்டச்சோறு! திங்கிற புண்ணாக்குக்காவது ஒழுங்கா ஆட வேண்டாமா?" என்று கத்தினார். அவர் வாயும் அசைபோட்டுக்கொண்டுதான் இருந்தது.

"நான் சின்னப் பையன் மாமா. இன்னும் கொம்புகூட முளைக்கல."

"சம்பளம் பேசுறப்ப பெரிய ஆளு, திட்டினா மட்டும் சின்னப் பையனா?"

துடியனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. திரும்பப் போனபோது அந்த மாலை கண்ணில் பட்டது. காய்ந்துபோய் இன்னும் கொம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"போன தடவை நாம ஜெயிச்சோம்னீங்களே மாமா, அப்போ இன்னைக்குத் தோத்ததும் நாமதானே?"

எருமையார் மூக்கு மட்டும் வெளியே தெரியத் தண்ணீருக்குள் முங்கினார். வெகுநேரம் கழித்துத்தான் தலையை நீட்டினார்.

"அடுத்த ஆட்டத்துல நாம ஜெயிச்சே ஆகணும்," என்றார். "நீ ஒழுங்கா ஆடு."