பதினோரு டிரைவர்கள்

“பேரு மட்டும் வெளியே தெரியக் கூடாது. அதுல நாங்க ரொம்ப கண்டிப்பு,” என்று ரூபேந்திரன் மூன்றாவது தடவையாகச் சொன்னார். தம்போய் மண்டபத்தில் உட்கார்ந்திருந்த பதினோரு சங்கச் செயலாளர்களும் பலமாகத் தலையாட்டினார்கள். வேறு எந்த விஷயத்திலும் அவர்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை.

ஷர்மைன் மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தாள். சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண். சமூக சேவைச் சங்கங்களுக்கென்றே செய்த இலவச மென்பொருள் ஒன்றைச் சொல்லிக்கொடுக்க, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு எல்லைப் பாலம் தாண்டி வந்திருந்தாள்.

விஷயம் சின்னதுதான். ஒவ்வொரு சங்கமும் தன் தொண்டூழியர்களை ஒரே பொதுப் பட்டியலில் போட்டுவைக்கும்; பதினோரு சங்கங்களும் கைப்பேசி எண்ணோடு முன்கூட்டியே போட்டுவிட்டிருந்தன. யாருக்கு ஆள் தேவையோ அவர்கள் அதில் தேடிக்கொள்ளலாம். பெயரும் தெரிந்தால் வேலை இன்னும் சுலபம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

பெயரைக் காட்டினால் அடுத்த சங்கத்துக்காரன் நம் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்று கூட்டமைப்புத் தலைவர் ரூபேந்திரன் விளக்கினார். அந்த அடுத்த சங்கத்துக்காரர்கள் எல்லாரும் எதிரிலேயே உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. கடைசியில், சங்கத்தின் பெயரும் ஆளுக்கு என்ன வேலை தெரியும் என்பதும் மட்டும் திரையில் வருவதாக முடிவானது.

இந்தப் பஞ்சாயத்து எதுவும், உதவி தேடி வந்து உட்கார்ந்திருந்த கஸ்தூரியின் காதில் ஏறவில்லை. சிறுநீரகம் பழுதான நான்கு பேரை வாரம் மூன்று நாள் தன் வேனில் டயாலிசிஸுக்கு அனுப்பிக்கொண்டிருப்பவள் அவள். அவளுக்கு இருந்த ஒரே டிரைவர் மூர்த்தி. இரண்டு வருடம் அலைந்து அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது, நாளை திங்கட்கிழமை காலையில் போய்ச் சேர வேண்டும்.

நாளை காலை ஆறு மணிக்கு வேனும் கிளம்ப வேண்டும். போன மாதம் வேன் கெட்டுப்போய் ஒரே ஒரு தடவை தவறியதற்கே, அந்த நால்வரில் ஒருவரான ஐயாசாமி மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தார். 

மூர்த்தியை அவள் குறை சொல்லவில்லை. இன்றைக்கும் அவளைக் கூட்டிவந்துவிட்டு, மண்டபத்தில் நாற்காலி போட்டதும் மைக் கட்டியதும் அவன்தான். இப்போது சட்டையில் ஒரு சங்கத்தின் பெயரும் தொப்பியில் இன்னொரு சங்கத்தின் பெயருமாகப் பின்வரிசையில் தூங்கி வழிந்துகொண்டிருந்தான்.

யாருக்காவது உடனே ஆள் தேவைப்பட்டால் நேரடியாகவே தேடிக் காட்டுகிறேன் என்றாள் ஷர்மைன். அவள் முடிப்பதற்குள் கஸ்தூரி எழுந்துவிட்டாள். வேன் ஓட்டத் தெரிய வேண்டும், தம்போய் பக்கம் இருக்க வேண்டும், காலை நேரம் வர வேண்டும் என்று சொல்லச் சொல்ல ஷர்மைன் தட்டினாள்.

திரையில் வரிசையாக வந்து விழுந்தன. சங்கத்துக்கு ஒருவர் வீதம் பதினோரு டிரைவர்கள்.

ரூபேந்திரன் மைக்கைப் பிடித்துவிட்டார். நமக்கு ஆள் பலம் இல்லை என்று சொன்னவனெல்லாம் வந்து பார்க்கட்டும் என்றார். திரைக்கு முன்னால் நின்று நாலு படமும் எடுத்துக்கொண்டார். ஒரு வாரமாக வீடு வீடாக ஏறி ஒரே ஒரு ஆளைத் தேடியவள் கஸ்தூரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதினோரு பேருக்கும் கேட்டு அனுப்பச் சொன்னாள்.

ஷர்மைன் பொத்தானை அழுத்தினாள். கைப்பேசியில் செய்தி போகும், ‘வருகிறேன்’ அல்லது ‘முடியாது’ என்று அவர்கள் அழுத்தினால் உடனே திரையில் தெரியும் என்றாள். எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தார்கள்.

முதல் பதில் வந்தது. முடியாது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது, அதுவும் முடியாது.

பின்வரிசையில் மூர்த்தி தலையைக் குனிந்து கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தது ரூபேந்திரன் கண்ணில் பட்டது. “இங்க ஒரு பொம்பளை தவிச்சிக்கிட்டு நிக்கிறாங்க, உனக்கு கேம் கேக்குதாலா?” என்றார். மூர்த்தி நிமிரவே இல்லை.

ஐந்தாவது, எட்டாவது, பத்தாவது. ஐந்து நிமிடத்துக்குள் பதினோரு வரிக்கு எதிரிலும் முடியாது என்றே சிவப்பில் எரிந்தது.

கஸ்தூரி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். “நாளைக்கு அந்த நாலு பேருக்கும் நான் என்னா பதில் சொல்லுவேன் தலைவரே?”

தலைவருக்கு ரத்தம் கொதித்தது. சங்கம் சட்டை கொடுக்கிறது, தொப்பி கொடுக்கிறது, சோறு போடுகிறது. ஒரு அவசரத்துக்குக் கூப்பிட்டால் எட்டிப் பார்க்க ஆளில்லை, இந்தச் சமுதாயம் எங்கே உருப்படும் என்று பொரிந்து தள்ளினார். செயலாளர்கள் மறுபடியும் ஒற்றுமையாகத் தலையாட்டினார்கள்.

“பதினோரு பேரு. அதுல ஒருத்தனுக்குக்கூடவா மனசாட்சி இல்ல?” என்று முடித்தார்.

மூர்த்தி தொப்பியைக் கழற்றிக்கொண்டு மெதுவாக எழுந்தான்.

“யாரையும் திட்டாதீங்க தலைவரே. அந்தப் பதினோரு பேரும் நான்தான்.”