மாசிலாமணிக்குப் பொன்னாடை

புதுத்துணி வாங்குவதையே நிறுத்திவிட்ட மாசிலாமணியை எங்கள் கல்லூரிக்குப் பேச அழைத்திருந்தோம். சாயக்கழிவு கலந்து நாசமான தன் ஊர்க் கிணற்றைப் பற்றிச் சொல்ல, ஒட்டுப்போட்ட சட்டையோடு வந்திருந்தார். மேடையேறியதும் முதல்வர் பொன்னாடை போர்த்தினார்.

"ஐயோ, இதெல்லாம் வேண்டாங்க சார்."

"இந்த அடக்கத்துக்கே இன்னொண்ணு போர்த்தணும்," என்று துணைமுதல்வரும் போர்த்தினார். பிறகு துறைக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று, கேன்டீன் சார்பில் ஒன்று. எல்லாம் பளபளக்கும் பாலியஸ்டர். கழுத்து மறைந்தது, வாய் மறைந்தது, மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது.

"எங்க கிணத்துல..." என்று உள்ளேயிருந்து மெல்லக் கேட்டது.

"சார் நெகிழ்ந்து போயிட்டார்," என்று மைக்கில் அறிவித்தேன். அரங்கமே எழுந்து கைதட்டியது. பொன்னாடையோடு நின்றவர்களின் வரிசை இன்னும் வாசலைத் தாண்டி நீண்டிருந்தது.