சுருளின் சூடு

துணைமின் நிலையக் கண்ணாடி வழியே மதிய வெயில் கணினித் திரையில் சாய்ந்து விழுகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் சுருளுக்குள் தங்கை பொருத்திய தலைமுடி பருமனுள்ள, சூட்டை அளக்கும் ஒளியிழை, நூற்று முப்பது டிகிரி என்கிறது. சுருளைச் சுற்றியுள்ள எண்ணெயை மட்டும் அளக்கும், அக்கா நம்பும் வெப்பமானியில் எழுபதுதான். இருவரும் இங்கே பொறியாளர்கள். வந்து ஆறே மாதத்தில் தங்கைக்குக் கிடைத்த பாராட்டு அக்காவை முள்ளாய்க் குத்திக்கொண்டிருக்கிறது. "அக்கா, உள்ளுக்குள்ள வேகுது. நூத்தி இருபதைத் தாண்டினாலே ஆபத்து. லோடைக் குறைச்சிடலாம்." "உன் இழைதான் கெட்டுப்போயிருக்கும்டி." சொல்லும்போதே அப்படி இருந்துவிடக் கூடாதா என்று ஏங்குகிறாள். எண் நூற்று நாற்பதாகிறது. வெளியே டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம் தடிக்கிறது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தொலைபேசியை எடுத்து லோடைக் குறைக்கச் சொல்கிறாள். எண் மெல்ல இறங்குகிறது. "நல்லவேளை! யாரும்மா கண்டுபிடிச்சது?" என்கிறார் மறுமுனையில் மேலதிகாரி. 'நான்தான்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. "என் தங்கச்சி சார்," என்கிறாள், கூடப்பிறந்தவளின் முகத்தைப் பார்க்காமலேயே.