வாசலில் நின்ற பச்சை

நுண்ணோக்கியில் பச்சை வளையம்தான் தெரிந்தது.

செல்லின் நடுவே உட்கரு இருண்டு கிடந்தது. வருஷமெல்லாம் மாரடித்து அவள் செய்த, பச்சையாக ஒளிரும் புரதம் அதைச் சுற்றி மோதிரம் போட்டது போல நின்றது. உள்ளே ஒரு பொட்டுகூடப் போகவில்லை.

இன்றைக்கும் போகாவிட்டால் இந்த ஆராய்ச்சியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். சாயங்காலம் வந்து பார்ப்பார்.

பின்னால் போர்வை அக்கா நடுங்கிக்கொண்டு நின்றாள். ஆய்வகத்தில் மூத்தவள். ஏசி குளிருக்கு எந்நேரமும் போர்த்திக்கொண்டு திரிந்ததில் வந்த பெயர்.

"ஏன்டி, இது ரூமா, பொணம் வைக்கிற எடமா? ஒனக்கு மட்டும் எப்படி வேர்க்குது?"

ஏசியைக் கடைசிவரை இறக்கி வைத்தது நுண்ணோக்கியில் குனிந்திருந்தவள்தான். கொஞ்ச நாளாகவே உடம்பு கொதிக்கிறது. வளையத்தையே பார்த்தாள்.

லாரி செட்டில் மூட்டை தூக்கியவரின் மகள் அவள். மூட்டைக்குக் கால் கிடையாது. இந்தப் பச்சை உட்கருவின் வாசல்வரை வந்திருக்கிறது என்றால் எவனோ சுமந்து வந்திருக்கிறான்.

அப்படியானால் புரதத்தில் அவள் ஒட்டிய விலாசம் சரிதான். அதைப் பார்த்துத் தூக்குகிற சுமைகாரப் புரதமும் வந்து சேர்ந்துவிட்டது. குளிரில் வாசலிலேயே விறைத்து நிற்கிறது, அவ்வளவுதான்.

அப்பாவின் ஆட்களும் அப்படித்தான். பனிக்காலத்தில் உடம்பு சூடேறாமல் ஒருத்தனும் படி ஏற மாட்டான்.

செல்கள் இருந்த தட்டை ஐஸிலிருந்து எடுத்து, அறைச் சூட்டில் வைத்தால் போதும் என்று மேசைமேல் வைத்திருந்தாள். அந்த அறையில் ஏது சூடு? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

சூட்டுப்பெட்டி கீழ்த்தளத்தில் இருந்தது. அதுவரை போகப் பொறுமையில்லை. மூடியிருந்த தட்டைச் சிந்தாமல் கோட்டுக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கோழி அடைகாக்குற மாதிரி இருக்கு," என்றாள் அக்கா.

ஒரு டீ குடிக்கிற நேரம் கழித்துத் தட்டைத் திரும்ப நுண்ணோக்கியில் வைத்தாள்.

வளையத்தைக் காணோம். உட்கரு ஒவ்வொன்றும் உள்ளே விளக்கேற்றியது போலப் பச்சையாக நிறைந்திருந்தது. சுமைகாரர்கள் இறக்கி வைத்துவிட்டு அடுத்த சுமைக்கு வெளியே வந்துகொண்டிருப்பார்கள்.

அக்கா எட்டிப் பார்த்தாள். அவள் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். பிறகு ரிமோட்டை எடுத்தாள்.

"இப்பவாவது ஏசிய ஏத்தட்டுமா தாயே?"

"ஏத்துங்கக்கா. எனக்குத்தான் இன்னும் ஏழு மாசத்துக்கு இப்படியே இருக்குமாம், டாக்டர் சொன்னாங்க."

அக்காவின் கட்டைவிரல் பொத்தான்மேல் நின்றது.

ரிமோட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, போர்வையை இழுத்து இறுக்கிப் போர்த்திக்கொண்டாள்.