விலாவை விட்டு ஒரு சாண்

கோலை நோக்கிப் பந்து வருவதைப் பார்த்ததும் மற்ற தடுப்பாட்டக்காரர்கள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். மரியடிமையின் வலக்கை மட்டும் எப்போதும்போல விலாவை விட்டு ஒரு சாண் தள்ளி நின்றது. பந்து அதில் பட்டது. நடுவர் பெனால்டிக்கு விசில் ஊதினார்.

“கை இயல்பான நிலையில இல்ல.”

“படகுல வலைக்கயிறு சுத்தி ஒடிஞ்ச கையாக்கும் சார். பன்னெண்டு வருசமா இதுக்கு இதுதான் இயல்பு. முடிஞ்சா நீங்க இறக்கி விடுங்க!”

இடக்கையால் அழுத்திக் காட்டினான். இறங்கவில்லை. நடுவர் மஞ்சள் அட்டையைத் தூக்கினார். பெனால்டியில் விழுந்த அந்த ஒரு கோலில் கோப்பை போனது.

ஆட்டம் முடிந்ததும் வரிசையாகக் கைகுலுக்கிக்கொண்டு வந்த நடுவர், நீண்டு நின்ற அந்தக் கையையும் பிடித்தார். மரியடிமை தோளோடு உதறினான்.

“குலுக்க மட்டும் இது சரியான எடத்துல இருக்கோ?”