பிரசவ வார்டின் பின்கதவு

“இந்தக் கதவு எங்க சிஸ்டர் போவுது?”

பிரசவ வார்டின் கோடியில் இருந்த சின்னக் கதவைக் காட்டிக் கேட்டாள் ஈஸ்வரி. எட்டு மாத வயிறு. நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கியது.

“துணி வெளுக்கப் போற வழிம்மா. அதத் தாண்டுனா சந்து, சந்து முடிஞ்சா பஸ் போற ரோடு,” என்றாள் பாத்திமா மேரி.

“பூட்டு உண்டா?”

“பகல்ல கெடையாது.”

ஈஸ்வரி கதவை மெல்லத் தள்ளிப் பார்த்தாள். அது சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது.

தஞ்சாவூரில் புதிதாகத் திறந்திருந்த தனியார் ஆஸ்பத்திரி அது. பிரசவத்துக்கு முன்பே வந்து வார்டைச் சுற்றிப் பார்க்கலாம் என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்திருந்தார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் குவைத், சிங்கப்பூர்க்காரர்களின் மனைவிகள். ஏசி உண்டா, டிவி உண்டா, வெளிநாட்டுப் போன் ரூமுக்கே வருமா என்றுதான் கேட்பார்கள். வார்டுப் பொறுப்பில் இருந்த பாத்திமா மேரியும் சலிக்காமல் பதில் சொல்வாள்.

இந்தப் பெண் அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

ஹார்லிக்ஸ் பிளாஸ்க்கும் குடையுமாகப் பின்னால் வந்துகொண்டிருந்தாள் மாமியார் ஞானாம்பாள். நீடாமங்கலத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பிலும், முந்தானையால் மருமகளுக்கு விசிறிவிட்டபடி இருந்தாள்.

“பொறந்ததும் புள்ளைய எங்க வைப்பீங்க?” என்றாள் ஈஸ்வரி.

“எடை பாத்து, கால்ல பட்டை கட்டி, இந்தக் கண்ணாடி ரூம்ல.”

“யாரு கையில குடுப்பீங்க?”

“நீ முழிச்சிருந்தா உன் கையில. மயக்கத்துல இருந்தா, கூட வந்தவங்க கையில.”

ஈஸ்வரி சட்டென்று திரும்பினாள். “எனக்கு மயக்க ஊசி போடாதீங்க சிஸ்டர். வயித்தக் கிழிச்சாலும் போடாதீங்க.”

பாத்திமா மேரிக்குச் சுருக்கென்றது. போன தையில்தான், பெற்ற பெண் குழந்தையைத் தொட்டிலிலேயே விட்டுவிட்டு ஒருத்தி இதே கதவு வழியாகப் போயிருந்தாள். பசியில் அலறிய அந்தக் குழந்தையை மூன்று நாள் வைத்துப் பார்த்தது இவள்தான்.

ஈஸ்வரியை எடை பார்க்க அனுப்பிவிட்டு மாமியாரிடம் வந்தாள்.

“தப்பா நெனைக்காதீங்க சிஸ்டரம்மா,” என்று ஞானாம்பாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஆறு வருஷத்துக்கு முன்னாடி மொதப் புள்ள செத்துப் பொறந்துச்சு. அதுலேந்து இவளுக்கு மனசு ஒரு நிலையில இல்ல. எம் மவன் குவைத்துல கெடக்கான். நான் ஒருத்திதான் வச்சுப் பாத்துக்கிட்டிருக்கேன்.”

“மொதப் பிரசவம் எங்க?”

“திருத்துறைப்பூண்டியில. எம் மவ வீட்டுக்குப் பக்கத்துலயே தெரிஞ்ச டாக்டரு. இந்தத் தடவையும் அங்கயே போவலாம்னேன். கெணத்துல விழுந்துடுவேன்னு ஓடுனா. அதான் இங்க கூட்டிட்டு வந்தேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த அம்மாளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “பயப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு பாத்திமா மேரி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஈஸ்வரி எடை மிஷினிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“மறைக்காம சொல்லு. புள்ளைய விட்டுட்டு ஓடப் போறியா?”

“விட்டுட்டு இல்ல சிஸ்டர். தூக்கிக்கிட்டு.”

“பச்சை உடம்போடயா? எங்க போவ?”

“நாகப்பட்டினத்துல என்கூடப் படிச்ச ஜெனிட்டா இருக்கா. ஒரு மாசம் வச்சுக்கிறேன்னு சொல்லியிருக்கா. அதுக்கப்புறம் தெரியல.” மனப்பாடம் செய்ததுபோல, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள். “நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். அந்தக் கதவ மட்டும் பூட்டாம விடுங்க, போதும்.”

பாத்திமா மேரி கேஸ் ஷீட்டை இழுத்து, சிவப்பு மையில் எழுதினாள்: ‘தாய்க்கு மனநிலை சரியில்லை. குழந்தையைப் பாட்டியிடம் மட்டுமே ஒப்படைக்கவும்.’

எழுதி முடிப்பதற்குள் ஈஸ்வரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி இரும்பாக இருந்தது.

“அத அடிச்சிருங்க சிஸ்டர். உங்க கால்ல வேணாலும் விழுறேன்.”

“விடும்மா. அந்தம்மா உன்னைத் தரையில விடாம தாங்குறாங்க. பேரப்புள்ள அவங்க கையில இருந்தா உனக்கு என்ன?”

கதவுக்கு வெளியே, “ஈஸ்வரி, ஹார்லிக்ஸ் ஆறிப்போவுதும்மா,” என்று ஞானாம்பாளின் குரல் கனிவாகக் கேட்டது.

ஈஸ்வரி பிடியை விட்டாள். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். வெளியே கேட்டுவிடாதபடி, கிசுகிசுவென்று பேசினாள்.

“எனக்குப் பைத்தியம்னு அவருக்கே கடுதாசி போட்டுட்டாங்க. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. மொதப் புள்ளையையும், நான் மயக்கத்துல கெடக்கையில, அவங்க கையிலதான் குடுத்தாங்க சிஸ்டர்.”

“அதுதான் செத்துப் பொறந்துச்சே?”

“அது இப்ப எங்க நாத்தனார அம்மான்னு கூப்பிடுது.”